வேப்பிலை வைக்காத வீடு

எங்கள் பிளாக்கில் முதன்முதலாக டிவி வாங்கியது நாங்கள்தான். அதனால் கிடைத்தது பெருமையா தொல்லையா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். எண்பதுகளின் நடுவில் ஆவடி குவார்ட்டர்ஸில், அதுவும் கீழ்வீட்டில், டிவி வைத்திருக்கிறவள் வெள்ளிக்கிழமைப் பாட்டு நேரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கும் வீட்டை ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஐந்து மணிக்கே பிள்ளைகள் வந்து பாயை விரித்துவிடும். பெரியவர்கள் முகம் கழுவி, பவுடர் பூசிக்கொண்டு, விசேஷ வீட்டுக்கு வருகிற மாதிரி வருவார்கள். படம் முடிந்து அவர்கள் போனபிறகு கூட்டிப் பெருக்கினால் வேர்க்கடலைத் தோல் மட்டும் ஒரு முறம் தேறும். வாய்க்குள் திட்டிக்கொண்டே பெருக்குவேன். அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது ஒருத்தர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதும் நான்தான்.

பிளாக்கில் இருந்த எல்லோரும் ஃபேக்டரிக் குடும்பங்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரிலிருந்து வந்தவை. நாங்கள் விருதுநகர்ப் பக்கம். மாடி வீட்டு அக்கா கோயம்புத்தூர். அடுத்த பிளாக்கில், ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம்தான். டிவி எங்களுடையது என்றாலும் அதன் காதைத் திருகும் உரிமை தனக்குத்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டிருந்தார். எதிர்வீட்டில் ஒரு பெண். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நூம்பலில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் வேலைக்காகக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. யார் வீட்டு வளைகாப்புக்கும் போகமாட்டாள், யாரும் அவளைக் கூப்பிடவும் மாட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கு அப்போது ஏழாம் மாதம். புருஷன் ஃபேக்டரி வேலையாக ஜபல்பூர் போயிருந்தான். பாவம், தனியாக இருக்கிறாளே என்று எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவளுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். என் மகளுக்கு ஆறு வயது. பாட்டு ஓடும்போது அவள் டிவியைப் பார்க்கவே மாட்டாள். அந்த வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, "பாப்பா இப்ப உதைக்குதா சித்தி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பிள்ளை கொஞ்சம் சோர்வாக இருந்தாள், உடம்பு லேசாகச் சுட்டது. பள்ளிக்கூடத்தில் வெயிலில் ஆடியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். பாட்டு முடிகிறவரை எதிர்வீட்டுப் பெண்ணின் மடியிலேயே தலைவைத்துக் கிடந்தாள். அவளும் குனிந்து குனிந்து பிள்ளையின் முடியைக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினால் முதுகிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. மத்தியானத்துக்குள் நீர் கோர்த்துவிட்டது. சின்னம்மை. பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. எங்கள் ஊரில் அம்மை பார்க்காத வீடு கிடையாது. இன்ன இன்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரியும். முதல் வேலை வாசலில் வேப்பிலை வைப்பது. அங்கேதான் பிரச்சினை.

என் வீட்டுக்காரர் பகுத்தறிவுக்காரர். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, நல்ல நேரமும் இல்லை. தாலி கட்டியதே நான் அழுததால்தான். தொழிற்சங்கத்தில் முன்னால் நிற்கிற ஆள். நல்ல மனுஷர், ஆனால் எதையும் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரியேதான் பேசுவார். வீட்டில் கூட்டம் என்பது நான் ஒருத்திதான்.

"ரெண்டு கொப்பு வேப்பிலை ஒடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்கா? வாசல்ல செருகத்தான்."

"இது வைரஸ். வைரஸ் என்ன, வேப்பிலையப் பார்த்துட்டு வந்த வழியே திரும்பிப் போயிருமா?"

"தெனமும் காலையில பல்லு விளக்க மட்டும் வேப்பங்குச்சி இனிக்குதோ?"

"அது ஆரோக்கியம். இது மூடநம்பிக்கை. சொல்லிட்டேன், வாசல்ல வேப்பிலை தொங்குச்சுன்னா அந்த வாசல்ல நான் நுழைய மாட்டேன்."

"சரி, அப்ப ஆளுங்க உள்ள வராம யாரு தடுக்குறது?"

"வரக்கூடாதுங்குறதுல எனக்கும் உனக்கும் பேதமே இல்லையே. அதை முறையாச் சொல்லணும். நான் சொல்றேன்."

முறையாகச் சொன்னார். ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்து, சங்கத்து நோட்டீஸ் எழுதுகிற அதே சிவப்பு மையில், அதே கொட்டை எழுத்தில் எழுதினார். மேலே 'அறிவிப்பு'. அதன் கீழே, இவ்வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை என்றும், இது கிருமியால் பரவும் நோயே அன்றி தெய்வக் குற்றம் அன்று என்றும், பொதுமக்கள் நலன் கருதி எவரும் உள்ளே வரவேண்டாம் என்றும். கஞ்சிப் பசை தடவிக் கதவில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை உள்ளே அரிப்பில் நெளிந்துகொண்டிருந்ததால் சண்டையை வளர்க்க எனக்கு நேரமில்லை. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உள்ளறையில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் வேப்பங்கொழுந்தால் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்து மட்டும் உள்ளே வரலாம், வாசலுக்குத்தான் ஆகாது. அவர் பின்னால் குளித்துக்கொண்டிருந்தார். பிள்ளை தூங்கிப்போனாள். கண் அசந்து நானும் சுவரில் சாய்ந்துவிட்டேன். முன்னறையில் ஏதோ சத்தம். எழுந்து வந்து பார்த்தால் பாய் விரித்துப் பாதி அறை நிரம்பிவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் டிவியின் மரக்கதவைத் தள்ளித் திறந்து காதைத் திருகிக்கொண்டிருக்கிறார். எதிர்வீட்டுப் பெண் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறுகையால் நாற்காலியைப் பிடித்து உட்காரப் போகிறாள்.

"உட்காராதே! வெளியே போ!"

எனக்கே தெரியாமல் வந்த சத்தம் அது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளிடம் நான் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. முகம் சுருங்கி, கண் நிறைந்து, என்ன தப்பு செய்தேன் என்று பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இன்னாமா நீ? புள்ளத்தாச்சிப் பொண்ணப் போயி இப்டி கத்துற?" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"உள்ள பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. எல்லாரும் எந்திரிங்க, தயவுசெஞ்சு வெளியே போங்க."

"அம்மையா? வாசல்ல வேப்பிலயே காணோமே!"

"கதவுல இம்மாம்பெரிய நோட்டீஸ் ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?"

"அது உங்கூட்டுக்காரர் எயுதுனதுதானே? வாராவாரம் எங்கியாவது ஒண்ணு ஒட்டினுதானே கீறாரு. போனஸ் மேட்டருன்னு நெனச்சுகினேன்."

சரி, இவர் படிக்கவில்லை. மாடி வீட்டு அக்கா படிப்பாளியாயிற்றே, தினமும் எங்கள் வீட்டுப் பேப்பரை எங்களுக்கு முன்னால் படிக்கிறவள். அவளும் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தேன்.

"நான் படிச்சனுங்க" என்றாள் மெதுவாக எழுந்துகொண்டே. "ஆனா தழையைக் காணமுங்களே. சரி, தண்ணி ஊத்தி எறக்கிப்போட்டீங்க, காயிதத்தைக் கிழிக்க மறந்துபோட்டீங்கன்னு நெனச்சனுங்க."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. படிக்காதவர் படிக்காததால் வந்தார், படித்தவள் படித்தும் வந்தாள். வேப்பிலை இல்லாத வாசலில் அம்மை இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. படம் ஆரம்பிக்கிற நேரம், யார் போவார்கள்? என் வீட்டுக்காரர் தலை துவட்டிக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்ததும், ஈரத் துண்டோடு நின்று பேச ஆரம்பித்துவிட்டார். கிருமி எப்படி மூச்சில் பரவுகிறது, எப்படி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது, எல்லோரும் ஏன் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும் என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர் பேச்சு நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக நெருங்கி நெருங்கி வந்தார்கள்.

"அதெல்லாம் சரி தலிவரே" என்றார் ஸ்டோர்ஸ்காரர். "இங்க கீறவங்க எல்லாருக்கும் சின்ன வயசுலயே ஒரு தபா வந்துட்டுப் போயிருக்கும். வந்தவனுக்கு இன்னா பயம்? பொட்டிய தூக்கி வெளிய வெச்சுடு, நாங்க பார்த்துட்டுப் போறோம்."

"அம்மா இருக்கற ஊட்டுப் பொருளை வெளிய எடுக்கக்கூடாதுங்க" என்றாள் மாடி அக்கா. "அதுவும் சினிமாப் பாட்டுங்களா? அவ அமைதியா இருக்கோணுமுன்னு நெனப்பாளுங்க."

"எவ நெனப்பா? வைரஸுக்கு ஏதும்மா காது?" என்றார் இவர்.

"நீங்க பேசறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாளுங்க. கொஞ்சம் வாயை அடக்குங்க."

ஜன்னல் வழியாகக் கிருமி வரும் என்றார் ஒருவர். வராது என்றார் இன்னொருவர். பிள்ளைகளை ஒரேயடியாகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாது என்று ஒரு கட்சி. ஒரு வாட்டி வந்து தொலைந்தால் நல்லதுதானே, விளையாட விடுங்கள் என்று இன்னொரு கட்சி. அடுத்த பிளாக்கிலிருந்தெல்லாம் ஆள் வந்துவிட்டது. ஒரே விஷயத்தைத்தான் எல்லோரும் வேறு வேறு மாதிரி கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் மகளின் தலை கிடந்த மடிதான் கண்முன்னால் நின்றது.

எதிர்வீட்டுப் பெண் தன் வீட்டு கேட்டுக்கு உள்ளே நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எங்கள் வாசற்படியிலிருந்தே கேட்டேன்.

"உனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?"

"தெர்லக்கா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அம்மா இருந்தா கேக்கலாம். எனக்கு நெனப்பு தெரியறதுக்கு முன்னாடியே பூட்டாங்க. அத்தைதான் வளத்தாங்க." பிறகு, "வெள்ளிக்கெயம பாப்பா என் மடிலதானேக்கா பட்த்துகினு இருந்துச்சு? வயித்துல கீறதுக்கு எதுனா ஆவுமாக்கா?" என்றாள்.

முற்றம் அடங்கிவிட்டது. அவ்வளவு காலம் காத்திருந்து வந்த பிள்ளை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் தெரு முனைக்கு நடந்தேன். அங்கே ஒரு வேப்பமரம் உண்டு. எட்டுகிற கிளையை இழுத்து ஒடித்தேன். கை முழுக்கக் கொண்டுவந்து, அந்த நோட்டீஸுக்கு மேலேயே, நிலையின் இரண்டு பக்கமும் செருகினேன். பக்கத்தில் நின்றவர்கள் தாமாகவே நாலடி பின்னால் போனார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. வாசலில் ஏறியிருந்த பிள்ளைகள்கூட இறங்கிவிட்டன. கூட்டத்தைத் தள்ளி நிறுத்த இவர் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசியதை அந்த இலை ஒரு நொடியில் செய்துவிட்டது. "இது சாமிக்கு இல்ல, ஊருக்கு" என்று இவரைப் பார்த்துச் சொன்னேன். இவர் சொன்ன சொல் இருக்கிறதே, முன்வாசலில் நுழைய முடியாது. துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பின்கதவு வழியாக உள்ளே வந்தார்.

அன்றைக்குப் படம் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். இவர்தான் டிவியைத் தூக்கி ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஜனங்கள் வெளியே மண்ணில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்கள். சத்தத்தைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மாடி அக்காவும் தன் படிக்கட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது.

திங்கட்கிழமை இவர் ஃபேக்டரி ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். சின்ன வயசிலேயே வந்திருந்தால் பயமே இல்லை, வரவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான், எதுவானாலும் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதலில் அவள் வீட்டில் விசாரியுங்கள் என்றாராம். அன்று சாயங்காலமே ஷிஃப்ட் முடிந்து, சாப்பிடக்கூட உட்காராமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை தாண்டி, ஏரிக்கரை ஊருக்கு. போன வேகத்தில் சோர்ந்து திரும்பி வந்தார். வீடு பூட்டியிருந்தது. அத்தைக்காரி திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறாள், கருமாதி முடிந்து வியாழக்கிழமைதான் வருவாள் என்று பக்கத்தில் சொன்னார்களாம்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. என் பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். அரிக்குது அரிக்குது என்று என்னை ஒரு வழி பண்ணிக்கொண்டே இளநீரும் நுங்கும் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எதிர்வீட்டை நினைத்துத்தான் மருகிக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆகிவிட்டால் அந்த முகத்தில் எப்படி விழிப்பேன், ஜபல்பூரிலிருந்து வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று. சாமியிடம் வேண்டிக்கொண்டேன். இவருக்குத் தெரியாமல்தான்.

தினமும் காலையில் அவள் தன் கேட்டருகில் வந்து நிற்பாள், நான் என் வாசலில் நிற்பேன். நடுவில் தெரு. இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டாள், வெளிக்குப் போனாளா, கால் வீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் பிளாக்குக்கே மனப்பாடம். இரண்டு வாரத்துக்கு முன்னால் எதுவும் தெரியாது என்று சொல்லியிருந்தும், காலையில் எழுந்ததும் கையையும் கழுத்தையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஒண்ணியும் இல்லக்கா" என்பாள். நானும் ஏதோ பெரிய செய்தி கேட்ட மாதிரி நெஞ்சில் கைவைத்துக்கொள்வேன்.

இவர் பின்கதவு வழியாகவே வருவதும் போவதுமாக இருந்தார். சாக்கடையைத் தாண்டி, முருங்கை மரத்துக்கு அடியில் குனிந்து, துவைக்கிற கல்லில் இடித்துக்கொண்டு. "இன்னா தலிவரே, சொந்த ஊட்டுக்கே திருட்டுப்பய மாரி பின்னாலயே பூந்துகினு கீற?" என்று ஸ்டோர்ஸ்காரர் ஒருநாள் கேட்டார். "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது" என்றார் இவர். காற்று வரும்தான். சாக்கடைக் காற்று.

வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம். நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் அவளும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் ஷிஃப்ட் முடிந்த கையோடு போயிருந்தார். தெரு முனையில் சைக்கிள் மணி விடாமல் அடிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் இவர் குரல்.

"வந்திருச்சு! வந்திருச்சு!"

மாடி அக்கா, "ஐயோ, ஆருக்குங்க?" என்று அலறிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். அம்மை வந்துவிட்டது என்று இப்படிச் சந்தோஷமாகக் கூவிக்கொண்டு வருகிற மனுஷனை அவள் அதுவரை பார்த்ததில்லை. நானும்தான். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு, எதிர்வீட்டு கேட்டுக்குப் பத்தடி தள்ளி நின்றார். மூச்சு வாங்கியது.

"உனக்கு... உனக்கு அம்மா ஏற்கெனவே வந்துட்டுப் போயிட்டாம்மா. சின்னப் பிள்ளையிலேயே."

அத்தைக்காரி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்த வருஷம். இவளுக்கு அப்போது நடை பழகி ஓடுகிற வயசு. அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னம்மை. பெரியம்மை இல்லை, சின்னதுதான், எனக்குத் தெரியாதா என்று அடித்துச் சொன்னாளாம். இவளுக்குத்தான் அதிகம், உள்ளங்காலில்கூட இடம் விடவில்லை. வேப்பிலைப் படுக்கையில் போட்டு, பக்கத்திலேயே படுத்து, தானே தலைக்குத் தண்ணீர் ஊற்றி இறக்கினாளாம். வேண்டுமானால் இடது காதுக்குப் பின்னால் பாருங்கள், சொல்லச் சொல்லக் கேட்காமல் சொறிந்த தழும்பு ஒன்று இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. தடவினாள். மறுபடி தடவினாள். "ஆமாக்கா... கீது. கீய வியுந்ததுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. நான் ஜன்னலுக்கு உள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நல்ல சேதிகள் பிறகு என் வாழ்க்கையில் வந்திருக்கின்றன. அப்படி உடம்பு முழுக்க இலேசாகிப் போனது அந்த ஒரு தடவைதான். மறுநாள் டாக்டரம்மாவும் கேட்டுவிட்டு, கவலையை விடு, நன்றாகச் சாப்பிடு என்று சொல்லியனுப்பினார்.

அந்த வியாழக்கிழமை ராத்திரி இவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"வைரஸ் வந்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லலையே? அம்மா வந்துட்டுப் போயிட்டான்னுல்ல சொன்னீங்க?"

"எங்க சொன்னேன்?"

"தெருவே கேட்டுச்சு."

"சைக்கிள் மிதிச்சு மூச்சு வாங்குச்சு. ஏதாச்சும் சொல்லியிருப்பேன். குழம்பை ஊத்து."

குழம்பு என்ன குழம்பு, தாளிக்காத பத்தியக் குழம்புதான். அதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் வேப்பிலையை எடுத்தேன். அன்று சாயங்காலம் இவர் முன்வாசல் வழியாக வந்தபோது, "யாரோ புது ஆளு வர்றாங்க போலிருக்கே, உக்காருங்க" என்றேன். முறைத்தார். அந்த நோட்டீஸ் மட்டும் கஞ்சிப் பசையில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பாதி கிழிந்து 'அறிவிப்பு' மட்டும் வெகுநாள் கதவில் இருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டம் பழையபடி வந்தது. அவள் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். என் மகள் தழும்பு மறையாத கன்னத்தை அந்த வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டாள், "பாப்பா இப்ப உதைக்குதா சித்தி?"

ஃபேக்டரி ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பார்த்துக்கொள்ள அந்த அத்தைக்காரியே வந்திருந்தாள். புருஷனும் ஜபல்பூரிலிருந்து வந்துவிட்டான். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கு ஒட்டுமொத்த பிளாக்கும் அந்த வாசலில் நின்றது. சண்டை போட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மாடி அக்கா கற்கண்டு கொண்டுவந்தாள். ஸ்டோர்ஸ்காரர், "கொயந்தைய ஒரு தபா குடுமா, தூக்கிப் பார்த்துட்டுக் குடுக்கறேன்" என்று கையை நீட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். இருமலோடு ஒருவர், மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள் நாலைந்து. அத்தைக்காரி யாரை நிறுத்துவது என்று தெரியாமல் கதவை மறித்துக்கொண்டு திணறினாள்.

நான் இவரைத் தேடினேன். ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்துத் தெரு முனையிலிருந்து நடந்து வந்தார். கையில் ஒரு முழ நீளத்துக்கு வேப்பங்கிளை, இலையும் கொழுந்துமாக.

"என்னங்க இது?"

"பல்லு விளக்க" என்றார் என் முகத்தைப் பார்க்காமல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எட்டி, எதிர்வீட்டு நிலையில் அதைச் செருகினார். அடுத்த நொடி ஸ்டோர்ஸ்காரர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு படியிறங்கினார். அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள். இவரும் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்குத் தள்ளி, வெயிலில் போய் நின்றுகொண்டார். அவள் குழந்தையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டினாள். "பாருண்ணா, நல்லாப் பாரு" என்றாள். "பார்த்துட்டேம்மா, பார்த்துட்டேன். உள்ள கொண்டு போ, காத்து படப்போகுது" என்றார்.

அந்தக் கிளை இலை காய்ந்து உதிர்கிறவரை அங்கேயே இருந்தது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். பல் விளக்க அதிலிருந்து ஒரு குச்சியைக்கூட அவர் ஒடிக்கவில்லை.